உயிரும் பொறியும்: ஒரு பட்டப் படிப்பின் வரலாறு

ஆண்டுதோறும் சித்திரை, வைகாசித் திங்கள்களில் நம் காலனி வீடுகளில் ஒரே வினா எழக் காண்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்த பிள்ளை இனி எந்தப் பிரிவில் சேர்வது? கணிதமா, உயிரியலா? கணிதமெனின் பொறியியல், உயிரியலெனின் மருத்துவம். நான்கு பாடங்களையும் சேர்த்துப் பயிலும் வழியும் இருக்கத்தான் செய்கிறது. எனினும் நுழைவுத் தேர்வு நெருங்க நெருங்க, பிள்ளைகள் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடுகின்றனர். பொறியியல் நுழைவுத் தேர்வில் உயிரியல் வினா இல்லை. மருத்துவ நுழைவுத் தேர்வில் கணித வினா இல்லை. ஆகவே பதினைந்து, பதினாறு வயதிலேயே அறிவின் நடுவே ஒரு மதிற்சுவர் எழுந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு விழாவின்போது, நாடகம் முடிந்து சிற்றுண்டி வழங்கிய வேளையில், நம் சங்க உறுப்பினர் ஒருவர் எம்மை அணுகிக் கேட்டார்: “ஐயா, எங்கள் பெண் உயிரியற் பொறியியல் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். பாலத்துக்குப் பொறியியல் உண்டு, மின்சாரத்துக்கு உண்டு. உயிருக்கு ஏது பொறியியல்? இது நிலைத்து நிற்கும் படிப்பா, நாலு நாள் பேச்சா?”

அன்று நின்ற நிலையில் விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை மலருக்கு எழுதலானோம். ஒரு படிப்பு நிலைக்குமா என்பதை அறிய வேண்டுமாயின், அது எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்று பார்த்தல் வேண்டும். இப்படிப்பு பிறந்த தேவையைக் காண்பதற்கு நாம் முதலில் இங்கிலாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து இருந்தும் மாண்ட காவலர்

1928ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், தம் ஆய்வுத் தட்டில் தானாக வந்து படிந்த பூஞ்சணம் ஒன்று தன்னைச் சூழ்ந்த கிருமிகளை வளரவொட்டாமல் தடுப்பதைக் கண்டார். அப்பூஞ்சணம் சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். ஆயின் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்னஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் அப்பணியை மேற்கொண்டனர்.

1941 பிப்ரவரி 12 அன்று ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு அம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. முகத்தில் ஏற்பட்ட காயம் சீழ் வைத்து, கிருமி உடலெங்கும் பரவி, ஒரு கண்ணையும் இழந்திருந்தார் அவர். மருந்து உட்சென்றதும் காய்ச்சல் தணிந்தது, உணவு உட்கொள்ளலானார். ஆனால் ஐந்தே நாட்களில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அவரது சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினையே பிரித்தெடுத்து மீண்டும் அவருக்குச் செலுத்தினர். அதுவும் போதவில்லை. நோய் மீண்டும் தலைதூக்கி, மார்ச் 15 அன்று அவர் உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். காவலரைக் கொன்றது அறியாமை அன்று. எந்தப் பொருள் அவரைக் காக்கும் என்பதை விஞ்ஞானிகள் அறிந்திருந்தனர். அப்பொருளைச் சிறிதளவு செய்தும் காட்டினர். ஒரு மனிதரைக் குணப்படுத்தும் அளவுக்கு அதைச் செய்யத்தான் அவர்களால் இயலவில்லை. நோயாளர் படுக்கையில் பயன்படுத்தும் தட்டைக் கலத்தைப் போன்ற மட்பாண்டங்களைச் செய்வித்து, அவற்றில் பூஞ்சணத்தை ஆடையாகப் படரவிட்டு, அடியிலிருந்து நீரை வடித்து மருந்தெடுத்தார் ஹீட்லி. தட்டுத் தட்டாக வளர்த்தால் நாட்டுக்கு மருந்து கிடைக்குமா? கண்டுபிடிப்புக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடப்பதற்கு வேறொரு கலை தேவைப்பட்டது.

மாவுப் பாத்திரமும் மாபெருங் கலமும்

அக்கலையின் கடினத்தை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். மார்கழியில் புனேயின் குளிரில் இட்லி மாவு பொங்குவதில்லை. போர்வை சுற்றியும், அடுப்பின் அருகே வைத்தும் பார்க்கிறோம். அதே மாவு சென்னையில் கோடையில் ஓரிரவுக்குள் புளித்து வழிகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவில் வேலை செய்கின்றன. அவற்றுக்கு வெப்பமும் உணவும் அளவோடு வேண்டும் என்பதே இதன் பொருள். இரண்டு படி மாவுக்கே இத்தனைக் கவலை எனின், ஆயிரம் ஆயிரம் காலன் கொள்ளும் கலத்துக்கு எத்தனைக் கவலை வேண்டும்?

பெனிசிலின் பூஞ்சணம் மூச்சுவிடும் உயிர். தட்டில் படர்ந்திருக்கும்போது மேலே காற்று தாராளமாகக் கிடைக்கிறது. ஆழமான கலத்தில் அமிழ்த்தினால் அதற்கு வேண்டிய பிராணவாயு நீரில் கரைந்துதான் வர வேண்டும். சாதாரண வெப்பநிலையில், காற்றுபட நிற்கும் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராம் அளவே பிராணவாயு கரையும். பூஞ்சணம் அதை விரைவில் குடித்துத் தீர்த்துவிடும். ஆகவே இடைவிடாது காற்றை ஊத வேண்டும். ஊதும் காற்றில் வேற்றுக் கிருமி ஒன்றும் இருத்தலாகாது. குமிழிகள் சிதறிக் கரையுமாறு கலக்க வேண்டும். கலக்கினால் நுரை பொங்கும். உயிர் வளருங்கால் வெப்பமும் வெளிப்படும். கலத்தின் நீள அகல உயரங்களைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். வெப்பத்தை வெளியேற்றும் புறப்பரப்போ நூறு மடங்குதான் ஆகும். ஆதலால் சிறு குடுவையில் தானே தணிந்த சூடு, பெருங்கலத்தில் உயிரையே கொன்றுவிடும். இவற்றைத் தீர்க்க நுண்ணுயிர் நூல் மட்டும் போதாது. வெப்பம், பாய்மம், கலவை பற்றிய கணக்கு வேண்டும்.

1941 ஜூலையில் ஃபுளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரின் வேளாண்மை ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோள மாவு ஆலையின் கழிவுநீரைச் சேர்த்தால் விளைச்சல் பெருகுவது காணப்பட்டது. அவ்வூர்ச் சந்தையில் அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து மேலும் வீரியமுள்ள பூஞ்சணம் கிடைத்தது. பெருங்கலத்தில் வளர்க்கும் ஆலையை வடிவமைத்தவருள் ஒருவர் மார்கரெட் ஹட்சின்சன் ருசோ என்னும் பெண் பொறியாளர். 1937இல் அமெரிக்கத்து எம்.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1944 மார்ச் 1 அன்று ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் 7,500 காலன் கலங்கள் கொண்ட ஆலையைத் திறந்தது. அவ்வாண்டு ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது காயம்பட்டோருக்குப் பெனிசிலின் ஆயத்தமாக இருந்தது. ஒரு காவலருக்குப் போதாத மருந்து மூன்றே ஆண்டுகளில் ஒரு படைக்கே போதுமானதாயிற்று. உயிரியலாரும் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்ந்ததன் பயன் இது.

பெயர் தோன்றி மறைந்த கதை

இவ்விருவரையும் தனித்தனியே வளர்த்துப் பின்னர்ச் சேர்ப்பதை விட, ஒரே மாணாக்கருக்கு இரு நூலையும் ஏன் கற்பிக்கலாகாது? இவ்வெண்ணம் போருக்கு முன்பே முளைத்திருந்தது. 1919இல் ஹங்கேரி நாட்டவராகிய கார்ல் எரெகி என்னும் பொறியாளர் உயிர்த்தொழில்நுட்பம் என்று பொருள்படும் சொல்லை ஒரு நூலுக்குத் தலைப்பாகச் சூட்டினார். பன்றி வளர்ப்பைப் பெருந்தொழிலாக நடத்தியவர் அவர். மேற்கூறிய எம்.ஐ.டி. நம் குரோம்பேட்டைக் கல்லூரி அன்று. மசாசுசெட்ஸ் மாநிலத்துத் தொழில்நுட்பக் கழகம். அதன் தலைவரும் பௌதிக அறிஞருமான கார்ல் காம்ப்டனும், உயிரியல் பேராசிரியர் பங்கரும் இணைந்து, உயிரியற் பொறியியலுக்கு ஒரு பாடத்திட்டம் உருவான விதத்தைப் பற்றி 1939இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1940களின் முற்பகுதியில் அக்கழகத்தின் ஒரு துறையே ‘உயிரியல், உயிரியற் பொறியியல்’ என்னும் இரட்டைப் பெயரைத் தாங்கி நின்றது. சிறிது காலத்தில் பின்பாதி உதிர்ந்து, உயிரியல் என்ற பெயர் மட்டும் எஞ்சியது.

ஏன் அவ்வாறாயிற்று? எமக்குத் தோன்றும் காரணம் இது. பாலம் கட்டுவோனுக்கு இரும்பின் வலிமை எண்ணாகத் தெரியும். மின்பொறியாளனுக்கு மின்னோட்டத்தின் விதி சமன்பாடாகத் தெரியும். அந்நாளில் உயிரணுவின் உள்ளே நடப்பவற்றை அவ்வாறு எண்ணிட்டு உரைக்க எவராலும் இயலவில்லை. அளந்தறியாத பொருளைக் கொண்டு அளவோடு கட்டுவது எங்ஙனம்? பெயர் முந்திப் பிறந்தது. பொருள் பிந்தி வர வேண்டியிருந்தது.

அப்பொருள் சிறிது சிறிதாக வந்தது. 1949இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எல்மர் கேடன், பெனிசிலின் நொதித்தலில் பிராணவாயுவின் பங்கை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். உயிர்வேதிப் பொறியியலின் தந்தை என்று அவரைப் போற்றுவர். 1953இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியாயிற்று. 1973இல் ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் பாயர் ஆகியோர் ஓர் உயிரின் மரபுக்கூற்றை வெட்டி மற்றொரு நுண்ணுயிரில் ஒட்டும் வழி கண்டனர். அதுவரை பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட இன்சுலின், பின்னர் நுண்ணுயிர்க் கலத்தில் மனித இன்சுலினாகவே விளைந்து, 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. உயிரணுவை வளர்ப்பதோடு நில்லாமல், அதன் உள்ளமைப்பையே திட்டமிட்டு மாற்றும் காலம் பிறந்தது.

மூன்று ஓடைகள்

நொதிப்புக் கலம் ஓர் ஓடை மட்டுமே. இப்படிப்பில் வந்து கலந்த வேறு இரண்டு ஓடைகளும் உண்டு.

இரண்டாவது, நிலத்தின் ஓடை. அமெரிக்காவில் வேளாண்மைப் பொறியாளர் சங்கம் 1907இல் தோன்றியது. கலப்பை, பாசனம், களஞ்சியம் ஆகியவற்றைக் கவனித்த இப்பொறியாளர்கள், நாளடைவில் பயிரையும் மண்ணின் நுண்ணுயிரையும் அறியாமல் தம் தொழில் நடவாது என்று உணர்ந்தனர். 1960களிலிருந்து பல பல்கலைக்கழகங்களில் வேளாண்மைப் பொறியியல் துறைகள் தம் பெயரில் உயிரியலையும் சேர்த்துக்கொண்டன. 2005இல் அச்சங்கமே தன் பெயரை அவ்வாறு மாற்றியது. நம் நாட்டில் அலகாபாத் வேளாண்மைக் கழகத்தில் மேசன் வா என்பவரின் முயற்சியால் 1940களில் வேளாண்மைப் பொறியியல் பட்டப் படிப்பு தொடங்கியது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1952இல் அத்துறை அமைந்தது.

மூன்றாவது, மருத்துவத்தின் ஓடை. ஜெர்மானியர் பிடியில் ஹாலந்து இருந்த 1943ஆம் ஆண்டில், காம்பென் என்னும் சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், இறைச்சிக் குழலுக்குப் பயன்படும் செலோஃபேன் உறையை மர உருளையில் சுற்றி, செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். அவ்வூர் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையார் அவருக்குத் துணை நின்றனர். முதலில் பலர் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் அப்பொறியால் உயிர் மீண்டார். இன்று நம் உறவினர் எத்தனையோ பேர் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு நடமாடுவதற்கு அம்மர உருளையே முன்னோடி.

இவ்வோடைக்கு நம் நாட்டிலும் ஒரு பெருமை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் அவர்களும் பொறியாளர் குழுவினரும் இதய வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தனர். வெளிநாட்டு வால்வின் விலை நம்மவர்க்கு எட்டாததாக இருந்தது. நிமிடத்துக்கு 70 முறை எனக் கொண்டால் இதயம் ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம் முறை துடிக்கிறது. அத்துணை முறையும் வால்வு திறந்து மூட வேண்டும், தேயலாகாது, இரத்தத்தை உறையச் செய்யலாகாது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்கலாயிற்று. உலோகம் அறிந்தவர் இரத்தத்தையும், இரத்தம் அறிந்தவர் உலோகத்தையும் கற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. அவ்விரண்டையும் இளமையிலேயே கற்றவர் இருந்திருப்பின் அக்காலம் குறைந்திருக்குமன்றோ?

நம் அண்டையில்

இவை எங்கோ நடந்தவை என்று எண்ண வேண்டா. புனேயிலிருந்து பம்பாய் செல்லும் பழைய சாலையில் பிம்பிரியைக் கடக்கும் நாம், ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையைப் பன்முறை கண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் துணையோடு 1954இல் அரசாங்கம் நிறுவிய நிறுவனம் அது. 1955இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு காவலர் மாண்டு பதினான்கு ஆண்டுகளுக்குள் அம்மருந்து நம் மண்ணிலேயே விளைந்தது. அங்கு எம்.ஜே. திருமலாச்சார் ஹாமைசின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும் கண்டுபிடித்தார்.

அத்தகைய ஆலைகளுக்கு ஆள் வேண்டுமே! அந்நாளில் இரசாயனப் பொறியாளர் சிலர் நுண்ணுயிரையும், நுண்ணுயிர் வல்லுநர் சிலர் கலத்தையும் பணியிடத்திலேயே கற்க வேண்டியிருந்தது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவருள் தில்லி ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி.கே. கோஷ் முதன்மையானவர். 1974இல் அங்கு உயிர்வேதிப் பொறியியல் ஆய்வு மையம் உருவாயிற்று. 1982இல் மத்திய அரசு தேசிய உயிர்த்தொழில்நுட்ப வாரியத்தையும், 1986இல் அதற்கெனத் தனித் துறையையும் அமைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 2001இலும் சென்னை ஐ.ஐ.டி.யில் 2004இலும் இதற்கான துறைகள் தோன்றின. சென்னை ஐ.ஐ.டி.யில் உயிரியற் பொறியியல் என்னும் பெயரிலேயே நான்காண்டு இளநிலைப் பட்டம் உண்டு. அமெரிக்கத்து எம்.ஐ.டி.யோ, 1940களில் கைவிட்ட பெயரை மீண்டும் எடுத்து, 1998இல் தனிப்பிரிவு அமைத்து, 2005இல் இளநிலைப் பட்டத்தையும் தொடங்கியது. அறுபதாண்டு உறங்கிய பெயர் மீண்டும் விழித்தது. அதற்குள் உயிரணுவை எண்ணிட்டு உரைக்கும் ஆற்றல் வந்துவிட்டதே அதற்குக் காரணம்.

இப்படிப்பின் பயனை அண்மையில் நாம் கண்ணாரக் கண்டோம். 1997இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், மஞ்சட்காமாலை ‘பி’ வகைக்கு ஈஸ்டின் துணைகொண்டு உள்நாட்டுத் தடுப்பூசியைக் கொணர்ந்தது. அதை நிறுவிய வரபிரசாத ரெட்டி மின்னணுப் பொறியாளர். 2021 ஜனவரி 16 அன்று நாடெங்கும் கோவிட் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, நம் புனேயின் சீரம் நிறுவனத்தில் விளைந்த ஊசியைத்தான் நம்மிற் பலர் போட்டுக்கொண்டோம். அதுவும் பெருங்கலத்தில் உயிரணுக்களை வளர்த்து எடுத்ததே. அக்கலத்தினுள் வெப்பமும் காற்றும் கலக்கமும் 1944இல் எழுப்பிய அதே கேள்விகளை இன்றும் எழுப்புகின்றன.

நான்காண்டில் கற்பது யாது?

நிற்க. பெண்ணைப் படிக்க வைக்கும் தந்தைக்கு வரலாறு மட்டும் போதாது. அவள் என்ன கற்பாள்?

முதலாண்டில் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் எல்லாப் பொறியியல் மாணாக்கர்க்கும் போலவே. கணித்தலும் நிரலெழுதுதலும் உண்டு. பின்னர் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மரபியல். அவற்றோடு வெப்ப இயக்கவியலையும் வினைவேக இயலையும் கற்கும்போது, நீராவி எஞ்சினுக்குப் பதில் புரதமும் உயிரணுவும் எடுத்துக்காட்டாக வரும். இரத்தக் குழாயில் பாய்மம் ஓடுவதையும் திசுக்களில் மருந்து ஊறிப் பரவுவதையும் சமன்பாடாக எழுதக் கற்பர். உயிரின் சிறு சைகைகளை அளக்கும் கருவிகளைத் தாமே அமைப்பர். நொதிப்புக் கலத்தை இயக்குவர். விளைந்ததைப் பிரித்துத் தூய்மை செய்வர். இறுதியில் ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதற்கு வழி வகுக்கும் வடிவமைப்புப் பணி. உயிரியல் மாணாக்கர் ‘இது எவ்வாறு நடக்கிறது?’ என்று வினவுவர். இவர்களோ அதனோடு ‘இதை எவ்வாறு செய்வது, எத்துணை அளவில், என்ன விலையில்?’ என்றும் வினவப் பழகுவர்.

நம் நாட்டு முறையில் ஒரு விந்தை உண்டு. பொறியியல் நுழைவுத் தேர்வின் வழியே இப்படிப்புக்கு வருவோர் பலர், பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவர்கள். உயிரியலில் உருகி நிற்கும் பிள்ளைகளோ, கணிதத்தை விட்டமையால் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றனர். அமெரிக்கத்து எம்.ஐ.டி.யிலோ 1990களிலிருந்து எத்துறை மாணாக்கராயினும் உயிரியல் ஒரு பாடம் கற்றாக வேண்டும். சுவரை இடிக்கப் பிறந்த படிப்புக்கே சுவரின் ஒரு பக்கமிருந்துதான் வழி வைத்திருக்கிறோம். ஆகவே இவ்வெண்ணம் உள்ள பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில், சுமை கூடினும், கணிதம், உயிரியல் இரண்டையும் விடாமல் வைத்துக்கொள்ளுதல் நலம்.

ஒரு தாயின் சொல்

ஒரு பக்கம் மட்டும் கூறுதல் நேர்மையாகாது. 2000ஆம் ஆண்டையொட்டி உயிர்த்தொழில்நுட்பம் என்ற பெயர் பெரிதும் ஒலித்தபோது, பல பொறியியற் கல்லூரிகளில் இப்பட்டம் தொடங்கப்பட்டது. எமக்கு அணுக்கமான குடும்பத்துப் பெண் ஒருத்தியும் அந்நாளில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். நொதிப்புக் கலம் அங்கு ஒன்றிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பூட்டிய நிலையில். நான்காண்டில் அதைத் தொட்டு இயக்கும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டவில்லை. பாடங்களை மனனம் செய்து நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். தொழிற்சாலைகள் அவளை ஏற்கவில்லை. கணிப்பொறி நிறுவனம் ஏற்றது. இன்று நன்றாகவே வாழ்கிறாள். ஆயினும் அவள் தாயார் எம்மிடம் ஒருமுறை கூறியது மனத்தை விட்டகலவில்லை: “கல்லூரியின் கட்டிடத்தைப் பார்த்தோம், பேருந்தைப் பார்த்தோம், விடுதிச் சாப்பாட்டைக்கூடப் பார்த்தோம். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே!”

ஆதலால் பெற்றோர் கேட்க வேண்டியவை சில உள. ஆய்வுக்கூடம் மாணாக்கர் கைபடத் திறந்திருக்கிறதா? கணிதமும் பாய்ம இயலும் பெயரளவில் உள்ளனவா, உண்மையில் கற்பிக்கப்படுகின்றனவா? ஆசிரியருள் பொறியாளரும் உயிரியலாரும் இருசாராரும் உளரா? தொழிற்சாலையில் பயிற்சி உண்டா? முன்பு பயின்றோர் இன்று எங்கே? இவற்றோடு மற்றோர் உண்மையையும் ஏற்க வேண்டும். இத்துறையில் இளநிலையோடு நிற்காமல் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் செல்வோர் பலர். நான்காம் ஆண்டு முடிவிலேயே பெருஞ்சம்பளம் வேண்டுமெனில் வேறு துறைகள் எளிய வழியாகும். பொறுத்திருந்து கற்கும் மனமும், அதைத் தாங்கும் குடும்பமும் இதற்கு வேண்டும்.

பட்டத்தின் பெயர் மாறும். உயிர்வேதிப் பொறியியல் என்பர், உயிர்மருத்துவப் பொறியியல் என்பர், உயிர்த்தொழில்நுட்பம் என்பர். உதிர்ந்த பெயர் மீண்டும் தளிர்ப்பதையும் கண்டோம். பெயரை நம்பிச் சேர்ந்தோர் ஏமாறியதுண்டு. ஆனால் இப்படிப்பைப் பிறப்பித்த தேவையோ 1941இலிருந்து ஒரு நாளும் மறையவில்லை. மருந்தை அறிந்தும் வேண்டுமளவு ஆக்க இயலாமையால் ஓர் உயிர் போனதே, அத்தேவைதான் அது.

நம்மைக் கேள்வி கேட்ட நண்பருக்கு இதுவே எம் விடை: உயிருக்கும் பொறியியல் உண்டு, ஐயா. அது நாலு நாள் பேச்சன்று. தங்கள் பெண்ணுக்குக் கணக்கும் இனிக்கிறது, உயிரும் இனிக்கிறது எனில் தடுக்காதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், அந்தத் தாயின் சொல்லை நினைவிற்கொண்டு, பூட்டிய கதவு எதுவாயினும் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அப்பெண்ணே மேடையேறித் தான் கற்றதை நம் காலனிக் குழந்தைகளுக்குத் தமிழில் எடுத்துரைக்கக் கேட்போமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.